இழைக் கொள்கையும் பூட்டிக் கிடக்கும் ஆய்வுகூடமும்

(மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் நடந்த வாசிகசாலை ஆண்டு விழாவில் ஆற்றிய சிறப்புரையின் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, முன்வரிசையை அலங்கரிக்கும் பிரதேச செயலாளர் அவர்களே, இந்த வெயிலிலும் ஆற்றைக் கடந்து வந்திருக்கும் உதவிக் கல்விப் பணிப்பாளர் அவர்களே, ஆலயத்து வண்ணக்கர் ஐயா அவர்களே, கிராம உத்தியோகத்தர் தம்பி, மாதர் சங்கத் தலைவி அக்கா, பந்தலுக்குத் தறப்பாள் தந்துதவிய போடியார் அவர்களே! வண்ணக்கர் ஐயாவின் பெயரை அறிவிப்பாளர் விட்டுவிட்டார். அவர் சார்பில் நான் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐயாவுக்குப் பொன்னாடை இன்னும் போர்த்தப்படவில்லை என்று யாரோ சைகை காட்டுகிறார்கள். என் பேச்சு முடிந்ததும் அது நடக்கும். பின்னால் மண்ணில் இருக்கும் பிள்ளைகளே, உங்களுக்கும் என் வணக்கம். நான் பேச வந்தது உங்களோடுதான்.

மூன்று விடயங்கள் சொல்லப்போகிறேன். விசைகள் எப்படி ஒன்றாகச் சேர்ந்தன என்பது முதலாவது. இழைக் கொள்கை இரண்டாவது. கருந்துளை மூன்றாவது. எங்கள் அப்பா வயலில் அடிக்கடி சொல்லுவார், அகல உழுவதிலும் ஆழ உழுவது மேல் என்று. பௌதிகவியல் நானூறு வருடமாக அந்த ஆழ உழவைத்தான் செய்துகொண்டிருக்கிறது.

உலகத்தில் நடப்பதையெல்லாம் நான்கு விசைக்குள் அடக்கலாம் என்கிறார்கள். மாங்காயை விழுத்துவது ஈர்ப்பு. மின்குமிழை எரிப்பதும் நம் உடம்பின் அணுக்களைப் பிடித்துவைத்திருப்பதும் மின்காந்தம். அணுக்கருவுக்குள் குவார்க்குகள் என்ற நுண்ணிய துணிக்கைகளைக் கட்டிவைப்பது வன்கருவிசை. சூரியனில் ஐதரசன் எரியத் தொடங்கக் காரணமாக இருப்பது மென்கருவிசை. மின்னும் காந்தமும் ஒன்றுதான் என்பதே ஒரு காலத்தில் யாருக்கும் தெரியாது. 1820இல் டென்மார்க்கில் ஏர்ஸ்டெட் என்பவர் கம்பியில் மின்னோட்டம் விட்டபோது பக்கத்திலிருந்த திசையறிகருவியின் முள் திரும்பியது. அங்கே தொடங்கியது கதை.

அதை விளக்க எனக்குக் குருமண்வெளித் துறையில் நடந்ததுதான் எப்போதும் ஞாபகம் வரும். நான் படிப்பித்த காலம், மண்டூர்க் கோயில் திருவிழா நேரம். பாதையில், அதாவது ஆற்றைக் கடக்கும் மிதவையில், சனம் நெரிசல். சைக்கிள், மோட்டார் சைக்கிள், தயிர்ச்சட்டி, பூக்கூடை எல்லாம் ஏறிவிட்டன. கடைசியாக ஒலிபெருக்கிக்காரர் ஒருவர் பெரிய பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து என் காலடியில் வைத்தார். என் கையில் பிள்ளைகளுக்காக வாங்கிய புதுத் திசையறிகருவி. பக்கத்தில் ஒரு பெரியவர், வெற்றிலை வாயோடு எட்டிப் பார்த்து, "அது என்ன மனே?" என்றார்.

"வடக்கைக் காட்டும் ஐயா" என்றேன், வாத்தியார் தோரணையோடு.

அவர் முள்ளைப் பார்த்தார், ஆற்றைப் பார்த்தார், வெயிலைப் பார்த்தார். பிறகு முழுப் பாதைக்கும் கேட்கச் சொன்னார்: "இஞ்ச பாருங்ககா! வாத்தியார்ர முள்ளு வடக்கப் பார்க்கல்ல, பாட்டுப் பெட்டியப் பார்க்குது! இதுவும் திருவிழாவுக்குத்தான் போகுதாக்கும்!"

பாதையே ஒரு பக்கம் சாயும் அளவுக்குச் சிரிப்பு. தயிர்க்காரம்மா சட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தா. நானும் விடவில்லை. ஒலிபெருக்கிக்காரரைக் கெஞ்சி, பெட்டியின் பின்பலகையைக் கழற்றச் செய்தேன். உள்ளே கொழுத்த வட்டக் காந்தம். அதன் நடுவே மெல்லிய செப்புக் கம்பிச் சுருள். சுருளோடு ஒட்டியபடி கடதாசிக் கூம்பு. மின்னோட்டம் கூடிக் குறையும்போது காந்தம் சுருளைத் தள்ளி இழுக்கிறது, கூம்பு அதிர்கிறது, பாட்டுக் கேட்கிறது என்றேன். பெரியவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து யோசித்தார். "அப்ப கரண்டும் காந்தமும் கூத்தில ஒரே ஆள் ரெண்டு வேசம் கட்டுற மாதிரியா மனே?" என்றார். அதைவிட நன்றாக நான் எந்த வகுப்பிலும் சொன்னதில்லை. பாதை மண்டூர்க் கரையில் முட்டியதுகூடத் தெரியாமல் நின்றோம். அடுத்த பாதைக்காரன் கத்தித்தான் இறங்கினோம்.

அந்த இரண்டு வேசத்துக்கும் உள்ளே ஒரே ஆள்தான் என்று 1865இல் சமன்பாடுகளில் எழுதிக் காட்டியவர் ஸ்கொட்லாந்துக்காரரான மக்ஸ்வெல். ஒளியும் அதே ஆள்தான் என்று கூடவே வந்தது. பிறகு நூறு வருடம் கழித்து மின்காந்தத்தோடு மென்கருவிசையும் சேர்ந்தது. கிளாசோ, அப்துஸ் சலாம், வைன்பேர்க் மூவரும் அதற்காக 1979இல் நொபெல் பரிசு பெற்றார்கள். சலாம் இன்றைய பாகிஸ்தானின் ஜங் என்ற சிறிய ஊரில் வளர்ந்தவர் என்பதைப் பிள்ளைகள் குறித்துக்கொள்ளுங்கள். மென்கருவிசையைக் காவும் என்று அவர்கள் சொன்ன W, Z என்ற துணிக்கைகள் இரண்டும் 1983இல் ஜெனீவாவில் உள்ள சேர்ன் ஆய்வுகூடத்தில் அகப்பட்டன. ஒன்று, அணுக்கருவில் இருக்கும் புரோத்தனைப்போல் ஏறத்தாழ 86 மடங்கு நிறை, மற்றது 97 மடங்கு. மென்விசை மென்மையாகத் தெரிவதற்கு அந்த நிறைதான் காரணம். சக்தி கூடக் கூட, அதாவது ஆழ உழ உழ, வித்தியாசம் மறைகிறது.

வன்கருவிசையையும் சேர்க்க 1974இலேயே முயன்றார்கள். அந்தக் கணக்குச் சரியென்றால் புரோத்தனும் என்றாவது ஒருநாள் சிதைய வேண்டும். ஜப்பானில் மலைக்கு அடியில் 50,000 தொன் நீர் நிரப்பிக் காத்திருக்கிறார்கள். ஒன்றுகூட இன்னும் சிதைந்ததாகத் தெரியவில்லை.

ஈர்ப்புத்தான் அடங்காப்பிடாரி. இரண்டு புரோத்தன்களுக்கு இடையே உள்ள மின்விசையோடு ஒப்பிட்டால் அவற்றின் ஈர்ப்பு, ஒன்றுக்குப் பின்னால் 36 சைபர் போட்ட எண்ணில் ஒரு பங்கு. துணிக்கையைப் புள்ளியாக வைத்து ஈர்ப்பைக் குவாண்டம் முறையில், அதாவது அணுவுக்குள் நடப்பதற்கான விதிகளின்படி, கணக்கிட்டால் விடை முடிவிலிக்கு ஓடிவிடும். புள்ளி என்றால் நீளமே இல்லை, தூரம் பூச்சியமாகும் இடத்தில் கணக்கு வெடிக்கிறது. இழைக் கொள்கை அங்கேதான் கைவைக்கிறது. துணிக்கை புள்ளி அல்ல, மிக நுண்ணிய ஓர் இழை என்கிறது. இழை ஒரு விதமாக அதிர்ந்தால் இலத்திரன், இன்னொரு விதமாக அதிர்ந்தால் ஒளியின் துணிக்கை. இரண்டு இழைகள் மோதினால் மோதல் ஒரே புள்ளியில் நடப்பதில்லை, சிறிது பரந்து நடக்கிறது. முடிவிலி அடங்குகிறது.

இதில் வேடிக்கை, இழையை முதலில் கொண்டுவந்தது ஈர்ப்புக்காக அல்ல. 1968இல் வெனெட்சியானோ வன்கருவிசைக்கு ஒரு சூத்திரம் கண்டார். அது அதிரும் இழையின் கணக்கு என்று பிறகுதான் நம்பு, நீல்சன், சஸ்கிண்ட் ஆகியோர் கண்டுகொண்டார்கள். அந்தக் கணக்கில் வேண்டாத துணிக்கை ஒன்று ஒட்டிக்கொண்டே வந்தது. நிறை இல்லை, சுழற்சி என்ற குவாண்டம் எண் இரண்டு. 1974இல் ஷேர்க்கும் சுவார்ட்சும் அதை வேறு கண்ணால் பார்த்தார்கள். ஈர்ப்பைக் காவும் துணிக்கைக்கு இருக்க வேண்டிய இலட்சணம் அதுவேதான்! கழித்துவிட நினைத்ததே முதலாகிவிட்டது. 1984இல் கிறீனும் சுவார்ட்சும் கணக்கின் உள்முரண்கள் நீங்கும் வழியைக் காட்டியபின் உலகமே இதில் இறங்கியது.

இந்தக் கொள்கைக்குப் பத்துப் பரிமாணம் வேண்டும் என்கிறார்களே, நீளம், அகலம், உயரம், காலம் நான்கும் போக மிச்ச ஆறும் எங்கே என்று கேட்பீர்கள். கண்ணுக்கு எட்டாத அளவுக்குச் சுருண்டிருக்கின்றன என்பது பதில். இழையின் அளவோ, ஒரு மீற்றரை ஒன்றுக்குப் பின்னால் 35 சைபர் போட்ட எண்ணால் பிரித்தால் வருவதற்குக் கிட்ட என்பது வழக்கமான மதிப்பீடு. சேர்னில் 27 கிலோமீற்றர் சுற்றளவு வளையம் போட்டும் அதன் கிட்டக்கூடப் போக முடியவில்லை. ஒரு பரிசோதனையும் இதுவரை இக்கொள்கையை உறுதிசெய்யவில்லை. என்னைக் கேட்டால், கணிதம் அழகு, பௌதிகம் இன்னும் கடன்.

அந்தப் பேச்சிலேதான் எனக்கு வயிறு எரிகிறது. பரிசோதனை இல்லாத விஞ்ஞானத்தைப் பற்றி ஜெனீவாவில் சண்டை பிடிக்கிறார்கள். நமது பிள்ளைகள் உயர்தரத்தில் படிப்பதெல்லாம் பரிசோதனை இல்லாத விஞ்ஞானம்தானே! கம்பியின் அதிர்வை ஆராயும் சுரமானியை எடுங்கள். மரப்பெட்டி, மேலே இழுத்துக் கட்டிய ஒரு கம்பி, கீழே நகர்த்தக்கூடிய இரண்டு பாலம். ஒரே சுருதியில் ஒலிக்கும் இசைக்கவையைத் தட்டிப் பெட்டியில் ஊன்றி, மடித்த கடதாசித் துண்டு ஒன்றைக் கம்பியின் நடுவில் இருத்திப் பாலத்தை மெல்ல நகர்த்தினால், ஓர் இடத்தில் அந்தத் துண்டு துள்ளி விழும். அதைக் கண்ணால் கண்ட பிள்ளைக்கு அதிரும் இழை என்றால் என்னவென்று விளங்கும். நான் ஓய்வுக்கு முன் படிப்பித்த ஒரு பாடசாலையில் ஆய்வுகூடத்துக்குக் கட்டடம் இருந்தது, பூட்டு இருந்தது, திறப்பு மட்டும் இல்லை. சுரமானியைக் கரும்பலகையில் கீறித்தான் காட்டினேன். அதைப் பாடமாக்கிச் சோதனை எழுதிய பிள்ளைகள் இந்தப் பந்தலிலும் இருக்கிறார்கள்.

காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி. யாழ் நரம்பின் நீளத்தையும் சுருதியையும் கணக்குப் போட்டுத்தான், பழந்தமிழ் யாழை ஆராயும் யாழ் நூலை 1947இல் முடித்தார். அவர் மண்ணில் ஒரு பிள்ளை கம்பியைத் தட்டிப் பார்க்காமல் பௌதிகவியலில் சித்தி பெறுவது எவ்வளவு வெட்கம்! உதவிப் பணிப்பாளர் அவர்கள் கோபிக்கக் கூடாது. தனிவகுப்புக்குப் பிள்ளைகளை வாவிக்குக் கிழக்கே எழுவான்கரைக்கு ஏற்றி அனுப்பி அகல உழுதது போதும், ஒரு இடத்தில் ஆழ உழுவோம். இந்த வாசிகசாலையின் பின்னறையில் படுவான்கரைப் பிள்ளைகள் எல்லோருக்கும் பொதுவான ஓர் ஆய்வுகூடம் வேண்டும். போடியார் அலுமாரி தருவதாக மேடைக்கு வரும்போது என் காதில் சொன்னார். இப்போது எல்லோர் காதிலும் சொல்லிவிட்டேன், இனி அவர் மாற முடியாது!

கருந்துளை பற்றிச் சொல்ல நேரமில்லை என்று தலைவர் கடதாசித் துண்டு அனுப்பிவிட்டார். கருந்துளையை அடுத்த ஆண்டு விழாவில் பார்ப்போம். வாசலில் மேசை போட்டிருக்கிறோம். பின்னறையைத் தரும்படி பிரதேச சபைக்குக் கொடுக்கும் மனு அங்கே இருக்கிறது. பெற்றோர் எல்லோரும் கையொப்பம் வைத்துவிட்டுத்தான் தேநீருக்குப் போக வேண்டும். வண்ணக்கர் ஐயா, முதல் கையொப்பம் உங்களுடையது. பேனை செயலாளரிடம் இருக்கிறது. நன்றி, வணக்கம்.