ராணுவம் தேடியும் சிக்காத மிருகம், மசினகுடியில சிக்கின டி23 | ஒன்பதாவது மைல்ல இருந்து

வணக்கம் மக்களே! குரல் கேக்குதா? மைக்குக்கு உறை போட்டும் காத்து இரையுது, கொஞ்சம் பொறுத்துக்கோங்க. நான் நிக்கிறது ஊட்டி-கூடலூர் ரோட்டுல ஒன்பதாவது மைல். சினிமா டூயட்ல ஆயிரம் வாட்டி பார்த்த இடம்தான். டூரிஸ்ட்டுக்கு விட்டிருக்கிற எல்லைக்குள்ளதான் நிக்கிறேன், ஃபாரஸ்ட்காரங்க யாராவது பார்த்தா டென்ஷன் ஆகாதீங்க.

இன்னிக்கு சொல்லப்போறது இங்கிலாந்துல ராணுவம் தேடியும் சிக்காத ஒரு மிருகத்தோட கதை, கூடவே நம்ம ஊர்ல சிக்கின டி23 புலியோட கதை. அதை ரூம்ல உக்காந்து சொன்னா எடுபடாது, இந்தப் புல்வெளியைக் காட்டிக்கிட்டே சொல்லணும்.

இங்கிலாந்தோட தென்மேற்கு மூலையில எக்ஸ்மூர்னு ஒரு மேட்டு நிலம். ஒரு 690 சதுர கிலோமீட்டர் இருக்கும், தேசியப் பூங்கா. மரமே இல்லாத புல்லும் புதருமா இருக்கிற மேடு, நடுநடுவுல மரம் அடர்ந்த பள்ளத்தாக்கு, சுத்தி ஆட்டுப் பண்ணை. 1983-ல, சவுத் மோல்ட்டன்னு ஒரு ஊர்ப் பக்கம், ஒரு பண்ணைக்காரர் மூணு மாசத்துல தன்னோட ஆடு நூத்துக்கு மேல செத்துப்போச்சுன்னு சொன்னார். நாய் வேலை இல்ல, ஏதோ பெரிய பூனை ஜாதிங்கிறது அங்க பேச்சு. பேப்பர்காரங்களுக்குக் கேக்கணுமா? படம் எடுத்துக் கொடுத்தா 1000 பவுண்டு பரிசுன்னு ஒரு பத்திரிகை அறிவிச்சிடுச்சு. கடைசியில அரசாங்கம் ராயல் மரைன்ஸை அனுப்புச்சு. கடற்படையோட கமாண்டோ ஆளுங்க. குறி பார்த்துச் சுடுறவங்க மேட்டுல பதுங்கிப் படுத்து, ராப்பகலா காத்திருந்தாங்க.

கிடைச்சுதா? இல்ல. கறுப்பா, பெருசா ஒண்ணைப் பார்த்தோம்னு சில வீரர்கள் சொன்னாங்க. ஆனா ஒரு உடம்பு கூட கைக்கு வரல. படையைத் திருப்பிக் கூப்பிட்டுக்கிட்டாங்க.

அது எங்க இருந்து தப்பிச்சு வந்திருக்கும்னா, அதுக்கு அங்க ஒரு விளக்கம் சொல்வாங்க. அறுபது, எழுபதுகள்ல இங்கிலாந்துல காசு இருந்தா சிறுத்தை, ப்யூமா (அமெரிக்காவுல இருக்கிற பெரிய பூனை ஜாதி) எல்லாம் வீட்டுல வளர்க்கலாம். 1969-ல லண்டன்ல பெரிய கடை ஒண்ணுல சிங்கக்குட்டியே வித்திருக்காங்க, நம்புங்க. 1976-ல ஆபத்தான காட்டு விலங்குச் சட்டம்னு ஒண்ணு வந்துச்சு. லைசென்ஸ் எடு, இன்ஷூரன்ஸ் போடு, கூண்டு சரியா வைன்னு. அந்தச் செலவுக்குப் பயந்து சில பேர் ராத்திரியோட ராத்திரியா மேட்டுல கொண்டுபோய் அவுத்து விட்டுட்டாங்கன்னு பேச்சு. முழுக்கக் கட்டுக்கதைன்னும் தள்ள முடியாது. 1980-ல ஸ்காட்லாந்துல கேனிச்சுங்கிற ஊர்ல ஒரு பொம்பளைப் ப்யூமா நிஜமாவே கூண்டுல மாட்டுச்சு. ஆனா பழகின மிருகமாம், சொறிஞ்சு விட்டா சுகமா நிக்குமாம்! ஃபெலிசிட்டின்னு பேர் வெச்சு விலங்குப் பூங்காவுல வளர்த்தாங்க.

சரி, இப்ப ஒரு சின்ன டெஸ்ட். பின்னாடி பாருங்க, எவ்வளவு தூரம் வெட்டவெளி! ஒரு முயல் ஓடினாக்கூடத் தெரியணும்னு தோணுதுல்ல? நான் ட்ரைபாடை இங்கயே வெச்சிட்டு, இந்த ஆரஞ்சு ஜாக்கெட்டோட இறங்கிப் போறேன். கேமராவை யாரும் தூக்கிட்டுப் போகாம இருக்கணும், சாமி.

(நடந்து போகும் சத்தம். காற்று. தூரத்தில் "தெரியறேனா?" என்ற குரல்.)

அப்பா... மூச்சு வாங்குது. ஏழாயிரம் அடிக்கு மேலல்ல? பார்த்தீங்களா, எங்க காணாமப் போனேன்னு? ரொம்ப தூரமெல்லாம் போகல. அந்தப் புல் மேடு கசங்கின பெட்ஷீட் மாதிரி, மேல இருந்து பார்த்தா சமமாத் தெரியும், இறங்கினா ஒவ்வொரு மடிப்பும் ஒரு ஆள் உயரம். நின்னுக்கிட்டிருந்த நானே மறைஞ்சேன். வயித்தைத் தரையோட ஒட்டிப் போற சிறுத்தையை எங்க பார்க்கிறது? இதுபோக, அந்த இடுக்குல கறுப்பாத் தெரியுது பாருங்க, அது சோலை. மடிப்புல தண்ணி இருக்கும், தண்ணி இருக்கிற இடத்துல சோலை இருக்கும். பகல் பூரா அதுக்குள்ள படுத்துக்கிட்டு, பொழுது சாஞ்சப்புறம் வெளிய வந்தாப் போதும். இந்தப் பக்கம் சீகை மரமும், யூகலிப்டஸ்னு சொல்ற கற்பூர மரமும் வேற வெள்ளைக்காரன் காலத்துல இருந்து நட்டு வெச்சிருக்கு.

எக்ஸ்மூர்லயும் நிலம் இதே தினுசுதான். மேல மொட்டை, கீழ அடர்த்தி. மேட்டுல படுத்திருக்கிறவனுக்கு மேடுதான் தெரியும். துப்பாக்கி எவ்வளவு தூரம் சுட்டா என்ன, கண்ணு மடிப்புக்குள்ள போகணுமே!

ஆனா என்னைக் கேட்டா, நிலத்தை விடப் பெரிய சிக்கல் ஒண்ணு இருந்துச்சு. யாரைத் தேடுறோம்னே அவங்களுக்குத் தெரியாது. ப்யூமாவா, கருஞ்சிறுத்தையா, பக்கத்துப் பண்ணை நாயா? ஒண்ணா, நாலா? எதுக்கும் பதில் இல்லாமயே துப்பாக்கி போயிடுச்சு.

இதே மாதிரி பாட்மின் மூர்னு இன்னொரு இடம், அங்கயும் ஒரு மிருகம்னு பேச்சு. 1995-ல அரசாங்கம் ஆராய்ச்சி பண்ணி, உறுதியான ஆதாரம் எதுவும் இல்லைன்னு ரிப்போர்ட் கொடுத்துச்சு. கொடுத்த சூட்டோட, அங்க ஒரு ஆத்துல சிறுத்தை மண்டையோடு கிடைச்சிடுச்சு! ஊரே குதிச்சுது. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் அதை வாங்கிப் பார்த்தா, சிறுத்தை மண்டையோடுதான், சந்தேகமே இல்ல. ஆனா உள்ள வெப்ப நாட்டுக் கரப்பான்பூச்சியோட முட்டைக்கூடு ஒட்டியிருக்கு. இங்கிலாந்துக் குளிருக்கு அது வராது. பின்பக்கம் வெட்டின தடம் வேற. அதாவது எங்கயோ வெளிநாட்டுல செத்து, தலையோட தரைவிரிப்பா வந்த தோலு. எனக்கு இந்தக் கதையிலயே ரொம்பப் பிடிச்ச ஆள் அந்தக் கரப்பான்தான்.

நம்ம ஊர்ல நிலைமையே வேற. அவங்க ராணுவம் போட்டுத் தேடின கறுப்புப் பூனை, கோத்தகிரி, குன்னூர்ல வீட்டு வாசல் சிசிடிவியில வந்து நாயைப் பார்த்துட்டுப் போகும். இருக்கா இல்லையாங்கிற சந்தேகமே நமக்கு இல்ல. இருக்கிறதுல ஆளை அடிச்சது எதுங்கிறதுதான் கேள்வி.

2014 ஜனவரி ஞாபகம் இருக்கா? தொட்டபெட்டா பக்கத்துல ஒரு புலி மூணு பேரைக் கொன்னுடுச்சு. ஸ்கூலுக்கு லீவு விட்டாங்க. பொழுது சாஞ்சா வெளிய ஆளே கிடையாது. வனத்துறையோட சேர்ந்து போலீஸ் அதிரடிப்படையும் இறங்குச்சு, வீரப்பனைத் தேட உருவாக்கின அதே படை. 22-ம் தேதி குந்தசப்பை பக்கத்துல சுட்டுட்டாங்க. தப்புன்னு சொல்ல எனக்கு வாய் வரல மக்களே. அந்த ஊர்ப் பொம்பளைங்க மறுநாள் காலையில கூடையை மாட்டிக்கிட்டு அதே தோட்டத்துக்குள்ள தேயிலை பறிக்கப் போகணும்.

அப்புறம் 2021. டி23, ஆளைக் கொன்ன இன்னொரு புலிக்கு வனத்துறை வெச்ச நம்பர் அது. கூடலூர் பக்கம் தேவன் எஸ்டேட்ல தேட ஆரம்பிச்சாங்க. நூத்துக்கும் மேல ஆளுங்க, ட்ரோன், கும்கி யானை, மோப்ப நாய். எல்லாரும் இங்க தேயிலைக்குள்ள தேடிக்கிட்டிருந்தா, அது காட்டு வழியா மசினகுடிக்குப் போயிடுச்சு. அங்கயும் ஒருத்தரைக் கொன்னுடுச்சு. மொத்தம் நாலு உசுரு, ஆடு மாடு தனி. அக்டோபர் 1-ம் தேதி வேட்டையாட உத்தரவே வந்துடுச்சு.

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல 11-ம் பிரிவு என்ன சொல்லுதுன்னா, புலியைக் கொல்ல தலைமை வன உயிரினக் காப்பாளர் எழுத்துல உத்தரவு தரணும். அதுவும் பிடிக்க முடியாது, மயக்க ஊசி போட முடியாது, வேற இடத்துக்குக் கொண்டுபோக முடியாதுன்னு அவருக்குத் திருப்தி ஆனாத்தான். இந்தக் கேஸ் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போச்சு, அவங்க உடனே கொல்லாதீங்க, உயிரோட பிடிக்கப் பாருங்கன்னாங்க.

ஆனா அது முதுமலைக் காடு. புலி அங்க ஒண்ணு ரெண்டா இருக்கு? எதிர்ல வர்றது டி23-தான்னு எப்படித் தெரியும்? அதுக்குத்தான் கேமரா. மரத்துல முழங்கால் உயரத்துல கட்டுவாங்க, பாதைக்கு இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு, நேருக்கு நேரா. ஏன் ரெண்டுன்னா, புலிக்கு இடப்பக்க வரியும் வலப்பக்க வரியும் ஒண்ணா இருக்காது. ரெண்டு பக்கமும் படம் இருந்தாத்தான் எந்தப் புலின்னு அடிச்சுச் சொல்ல முடியும். காலையில அந்தக் கேமராவோட மெமரி கார்டை மாத்த நடந்தே போறவங்க வேட்டைத் தடுப்புக் காவலர்கள். நிறைய பேர் குரும்பர், இருளர், காட்டுநாயக்கர் பசங்க. புலி இருக்கிற புதருக்குள்ள போறவங்களும் அவங்கதான், டிவியில முகம் வராதவங்களும் அவங்கதான். எனக்கு இதுல ஒரு கடுப்பு உண்டு.

ஊசி போட்டதும் புலி பொத்துன்னு விழாது, அது சினிமா. மருந்து ஏற கொஞ்ச நிமிஷம் ஆகும், அதுக்குள்ள அது ஓடிடும். இருட்டுல, உண்ணிச்செடிப் புதருக்குள்ள, அரை மயக்கத்துல ஒரு புலி... அதைத் தேடிப் போறவனோட நிலைமையை யோசிங்க. அதேதான் நடந்துச்சு. 14-ம் தேதி ராத்திரி ஊசி பட்டும் கை நழுவிடுச்சு. மறுநாள் 15-ம் தேதி பகல்ல, மசினகுடி-மாயார் பக்கம் கூட்டுப்பாறையில மறுபடி ஊசி போட்டுப் பிடிச்சாங்க. தேட ஆரம்பிச்சு 21-வது நாள். கிழப் புலி, பதிமூணு வயசுன்னாங்க, உடம்புல காயம் வேற. மைசூரு மறுவாழ்வு மையத்துக்கு வண்டியில ஏத்தி விட்டாங்க.

அடுத்த வாட்டி எங்கயாவது புலி தேடுறாங்கன்னா, தயவுசெஞ்சு செல்போனைத் தூக்கிக்கிட்டு அங்க போய்க் கூட்டம் போடாதீங்க, என்னை மாதிரி சேனல் வெச்சிருக்கவங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன். நாலு ஜீப் ஹாரன் அடிச்சாப் போதும், மூணு நாள் வேலை வீணாப் போயிடும்.

சரி மக்களே, மூடுபனி இறங்குது, லென்ஸ் பூரா தண்ணி. பார்ப்போம், பை!