பரணில் கிடக்கும் நாடக நோட்டீஸ்

நேயர்களுக்கு வணக்கம். மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கம் எத்தனையோ வீட்டுப் பரணில் பழைய நாடக நோட்டீஸ் கிடக்கும். ரோஸ் தாளோ மஞ்சள் தாளோ, மடிப்பில் கிழிந்திருக்கும். அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா என்ற நாடகக் குழுவை நிறுவினார். அவருடைய வள்ளி திருமணமும் பவளக்கொடியும் இன்றும் நம் ஊர்த் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கின்றன. சுவாமிகளின் வரலாறு புத்தகங்களில் இருக்கிறது. அவர் பாட்டைத் தொண்டை கட்டப் பாடி ஊர் ஊராய்ப் போனவர்களுக்கு இந்த நோட்டீஸை விட்டால் வேறு தடயம் அதிகம் இல்லை.

இப்படி நடக்கும் ஸ்பெஷல் நாடகத்தில் நாயகன் வேடம் கட்டும் ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், நாயகி வேடம் கட்டும் ஸ்திரீபார்ட் இன்னோர் ஊர். பபூன், ஆர்மோனியம், மிருதங்கம் எல்லாம் தனித்தனியாகப் பேசி அட்வான்ஸ் கொடுத்த ஆட்கள். சேர்ந்து ஒத்திகை பார்ப்பது கிடையாது. நாரதரும் வள்ளியும் தர்க்கம் பண்ணுவதே அன்றைக்கு அன்றைக்குப் பிறப்பதுதான். விடிந்ததும் ஆளுக்கொரு பஸ் ஏறிவிடுவார்கள். இவர்கள் ஓர் இரவு ஒரே மேடையில் இருந்தார்கள் என்பதற்கு அந்த ஒற்றைத் தாள்தான் சாட்சி.

என்னிடம் ஒன்று இருக்கிறது. மாசி மாதம், தேதி, வெள்ளிக்கிழமை எல்லாம் போட்டிருக்கிறார்கள், வருடம் இல்லை. அன்றைக்கு யாருக்கு வருடம் வேண்டும்? பழைய பஞ்சாங்கங்களில் தேதியும் கிழமையும் பொருந்துகிற வருடங்களைத் தேடினேன். நான்கைந்து வந்தன. அடியில் அச்சகத்தின் போன் நம்பர் ஐந்தே இலக்கம், அதனால் பிந்திய வருடங்களைக் கழிக்க முடிந்தது.

அப்புறம் அதில் படம் உள்ள ஸ்திரீபார்ட் அம்மாவைத் தேடிப் போனேன். எழுபது வயது தாண்டிவிட்டது. கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு பெயர்கள் மேல் விரலை ஓட்டினார். ஒரு பெயரில் விரல் நின்றது.

“இந்த ஆர்மோனியக்காரர் அன்னைக்கு வரல தம்பி, மேலுக்கு முடியல. பக்கத்து ஊர்க்காரர் ஒருத்தர் வந்து உட்கார்ந்தாரு. என் சுருதிக் கட்டைக்கு ஒரு தடவை கூடப் பிசகாம வாசிச்சாரு.”

அவர் பெயர், ஊர், யாரிடம் கற்றவர் என்பதெல்லாம் அந்த அம்மாவுக்கு நினைவிருந்தது. எந்தத் தாளிலும் அச்சேறாத அந்தப் பெயரை நோட்டீஸின் பின்பக்கம் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். யார் சொன்னது, என்றைக்குச் சொன்னது என்பதும் பக்கத்தில் இருக்கிறது.

உங்கள் வீட்டு நோட்டீஸைத் தயவுசெய்து லேமினேஷன் பண்ணாதீர்கள், பசை போட்டும் ஒட்டாதீர்கள். வெயில் படாமல் வெளிச்சத்தில் வைத்து இரண்டு பக்கமும் போட்டோ எடுங்கள். பிறகு அதை வீட்டுப் பெரியவர் கையில் கொடுத்து, அன்றைக்கு யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று கேளுங்கள். அவர் சொல்லும்போதே எழுதிக்கொள்ளுங்கள். வணக்கம்.