ஒருவழியாகக் கலோரி ஆப் போய்ச் சேர்ந்தது!

வணக்கம் மக்களே! இன்றைக்குச் சந்தோஷமான செய்தி. சாப்பிடுவதை எல்லாம் கலோரி கலோரியாக எண்ணச் சொன்ன அந்த ஆப் இப்போது என் போனில் இல்லை. ஐகானை மட்டும் அழிக்கவில்லை, கணக்கையே மூடிவிட்டேன்.

அது எப்படிப் போனது என்று விலாவாரியாகச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் லேசில் போகவில்லை. அன்இன்ஸ்டால் செய்தால் கதை முடிந்தது என்றுதான் யாரும் நினைப்போம். முடியாது. கணக்கு அங்கேயே இருக்கும், ‘மதிய உணவைப் பதிவு செய்யவில்லையே?’ என்று மின்னஞ்சல் வந்துகொண்டே இருக்கும். அதனால் மறுபடி இன்ஸ்டால் செய்து உள்ளே போனேன். செட்டிங்ஸ், அதற்குள் புரொஃபைல், அதற்குள் ‘மேலும்’, அதற்கும் அடியில் சாம்பல் நிறப் பொடி எழுத்தில் ‘கணக்கை நீக்கு’. தொட்டதும், ‘உங்கள் தொடர் பதிவு அறுந்துவிடும்’ என்றது. சரி, அறுந்து போகட்டும். அடுத்த திரையில் ‘இலக்கைக் கைவிடுகிறீர்களா?’ அதற்கடுத்து பாதி விலைக்குத் தருகிறேன் என்று பேரம். கடைசியாக, ஏன் போகிறீர்கள் என்று ஒரு பட்டியல்: இலக்கை அடைந்துவிட்டேன், வேறு ஆப்புக்கு மாறுகிறேன், விலை அதிகம். இனிமேல் எண்ண விருப்பமில்லை என்று ஒரு வரிகூட அதில் இல்லை! ஒரு மனுஷி எண்ணுவதையே நிறுத்துவாள் என்று அவர்கள் யோசிக்கவே இல்லை. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ‘மற்றவை’யைத் தொட்டு, ‘இனி பசித்தால் சாப்பிடுவேன்’ என்று எழுதி அனுப்பிவிட்டேன். அப்புறம்தான் விட்டது.

பழைய வீடியோக்கள் பார்த்தவர்களுக்குத் தெரியும், காலையில் எழுந்ததும் எடை மெஷின், தட்டில் எதை வைத்தாலும் கிராம் கணக்கு. எடை மெஷினைப் போன மாதமே கொடுத்துவிட்டேன். சமையலறைத் தராசு மட்டும் இருக்கிறது, கேக் மாவு அளக்க.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உங்களில் நிறையப் பேர் எழுதுவது ஒரே புகார்தான்: ‘எனக்கு மன உறுதியே இல்லை அக்கா, டயட்டில் இருந்தால் நாள் முழுக்கச் சாப்பாட்டு நினைப்புதான், ராத்திரி உட்கார்ந்து சமையல் வீடியோவாகப் பார்க்கிறேன்.’ அது மன உறுதிக் குறைவே அல்ல. அரைப்பட்டினி செய்கிற வேலை. 1944-இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற உடலியல் அறிஞர் ஒரு ஆய்வு தொடங்கினார். போரில் பட்டினி கிடந்த மக்களை எப்படித் தேற்றுவது என்று கண்டுபிடிக்க, 36 ஆண்களுக்கு 24 வாரம் அரைவயிற்றுச் சாப்பாடு கொடுத்தார். நாளுக்குச் சுமார் 1,570 கலோரி. உடல் எடையில் கால்வாசி போனது. அதைவிட எனக்கு முக்கியம் அவர்கள் மனதுக்கு என்ன ஆனது என்பதுதான். சமையல் குறிப்புகளைத் தேடித் தேடிப் படித்தார்கள். தட்டை நக்கினார்கள். எரிச்சல், சோர்வு, எந்நேரமும் குளிர். பேச்செல்லாம் சாப்பாட்டைப் பற்றி.

இருங்கள், முக்கியமானதை விட்டுவிட்டேன். இவர்கள் யாரோ வழிப்போக்கர்கள் இல்லை. போருக்குப் போக மனசாட்சிப்படி மறுத்து, தாங்களாகவே முன்வந்தவர்கள். உடலும் மனமும் திடமாக இருக்கிறதா என்று சோதித்துப் பொறுக்கி எடுத்தவர்கள். அப்படிப்பட்டவர்களுக்கே இந்தக் கதி! வாரம் 35 கிலோமீட்டர் நடக்கவும் வேண்டியிருந்தது, அதனால் நம்மோடு அப்படியே ஒப்பிட முடியாதுதான். ஆனால் எத்தனையோ ஆப்கள் பெண்களுக்குச் சர்வசாதாரணமாகப் போட்டுக் கொடுக்கும் இலக்கு நாளுக்கு 1,200 கலோரி. ஆய்வு முடிந்து இஷ்டம்போல் சாப்பிடலாம் என்றானபோது, சிலர் மலைமலையாகச் சாப்பிட்டும் அடங்காமல் தவித்தார்கள். வாரம் முழுக்க வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவிழ்த்துவிடும் அந்த ‘சீட் டே’ எனக்கு அறவே பிடிக்காமல் போனதற்குக் காரணம் இதுதான்.

பிஎம்ஐ பற்றிக் கேட்டிருந்தீர்கள், உயரத்துக்கு எடை எவ்வளவு என்று பார்க்கும் எண் அது. அந்தக் கணக்கைப் போட்டவர் கெட்லே என்ற பெல்ஜியம் நாட்டு வானியலாளர், புள்ளியியல்காரர். 1830-களில், ‘சராசரி மனிதன்’ எப்படி இருப்பான் என்று பார்ப்பதற்காக. மருத்துவர் அல்ல. அதற்கு பிஎம்ஐ என்று 1972-இல் பெயர் வைத்தவர் யார் தெரியுமா? அதே ஆன்செல் கீஸ்! 1998-இல் அமெரிக்காவில் ‘அதிக எடை’ என்பதற்கான எல்லையைச் சுமார் 27-இலிருந்து 25-க்கு இறக்கினார்கள். லட்சக்கணக்கானவர்கள் ஒரு கிராம்கூடக் கூடாமலே அதிக எடைக்காரர்கள் ஆனார்கள். அந்த எண்ணை வைத்து ஒருத்தியின் உடம்புக்குத் தீர்ப்பு எழுதுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

டயட் ஆரம்பித்த முதல் வாரத்தில் சரசரவென்று எடை இறங்குமே, அதில் பெரும்பகுதி தண்ணீர். உடம்பு சேமித்து வைத்திருக்கும் சர்க்கரைச் சத்தான கிளைகோஜன் ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். அது கரையும்போது தண்ணீரும் போகும், சாப்பிட்டதும் திரும்பும். நான் அந்த ஒன்றரைக் கிலோவுக்கா அவ்வளவு அழுதேன் என்று நினைத்தால் மனசு ஆறவே இல்லை.

இப்போது நேரத்துக்கு மூன்று வேளை சாப்பிடுகிறேன். முன்பு வீட்டுக்குள்ளேயே விடாத சாக்லேட் அலமாரியில் இருக்கிறது. முதலில் தினமும் எடுத்தேன். இப்போது அது இருப்பதே சில நாள் ஞாபகத்தில் இல்லை! இறுக்கிப் பிடிக்கும் பழைய பேன்ட்களை எல்லாம் கொடுத்துவிட்டு, இன்றைய என் இடுப்புக்குச் சரியாக வரும் பேன்ட் வாங்கினேன். உட்கார்ந்தால் மூச்சு விட முடிகிறது மக்களே, அப்படி ஒரு சுகம்.

ஆங், இன்னொன்று. சர்க்கரை நோய், சிறுநீரகப் பிரச்சினை, ஒவ்வாமை என்று மருத்துவர் சொன்ன உணவு முறையில் இருப்பவர்கள் என் பேச்சைக் கேட்டு அதை நிறுத்தக் கூடாது. சாப்பிட்டதை வாந்தி எடுக்கிறேன், நாள்கணக்கில் சாப்பிடாமல் இருக்கிறேன் என்று எழுதியவர்களே, என் வீடியோவோடு நிறுத்தாமல் தயவுசெய்து மருத்துவரையோ மனநல ஆலோசகரையோ பாருங்கள். அதற்குச் சிகிச்சை இருக்கிறது.

உடம்பைப் பற்றி உறவுக்காரர்கள் கேட்கும் கேள்விகளுக்கு என்ன பதில் சொல்வது என்று நிறையக் கேட்டிருக்கிறீர்கள். அடுத்த வீடியோ அதுதான். உங்களிடம் கேட்டதை எழுதி அனுப்புங்கள், வாசித்தே பதில் சொல்கிறேன்.