கிளை மேலாளரின் ஏழு கோல்கள்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். எதிரணி நண்பர்களுக்கும் வணக்கம். அவர்களிடம் சொல்ல வேண்டியது நிறைய இருப்பதால் இப்போதைக்கு இது போதும்.

"கால்பந்து வீரருக்கு நிறைவைத் தருவது பெரும்புகழ்க் கழகமா, ஊர்க் கழகமா?" என்பது இன்றைய தலைப்பு. ஊர்க் கழகமே என்று பேச வந்திருக்கிறேன். எங்கள் அணித்தலைவர் ஸ்பெயினின் பாப்லோ இன்ஃபான்தேயை எடுத்துக்காட்டாகச் சொன்னார். உடனே எதிரணி நண்பர் எழுந்து, "பகலெல்லாம் வங்கியில் உட்கார்ந்துவிட்டு மாலையில் பந்தை உதைப்பவர் கால்பந்து வீரர் என்றால், காசோலையில் கையெழுத்துப் போடுகிறவரை எழுத்தாளர் என்று சொல்லலாமே" என்றார். அரங்கம் அதிர்ந்தது, நானும் சிரித்துவிட்டேன். நல்ல வரி நண்பரே. எழுதி வந்த குறிப்புகளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டேன். எனக்குத் தந்திருக்கும் நேரம் முழுவதும் இனி உங்கள் காசோலைக்கே உரியது.

அந்த வங்கிக்காரர் 1980இல் பிறந்தவர், புர்கோஸ் நகரத்துக்காரர். எப்ரோ ஆற்றங்கரையில், ரயில் பாதைகள் கூடிப் பிரிகிற மிராந்தா தெ எப்ரோ என்ற ஊர் இருக்கிறது. மக்கள்தொகை நாற்பதாயிரத்துக்கும் குறைவு. அந்த ஊரின் மிராந்தெஸ் கழகத்துக்கு, தாக்குதல் வரிசையின் இடப்பக்கத்தில் ஆடினார். மலைகளுக்கு இடையே ஒரு பள்ளத்தாக்கில் இருக்கும் கின்கோசெஸ் தெ யூசோ என்ற சிற்றூரில், காஹா தெ புர்கோஸ் என்ற சேமிப்பு வங்கியின் கிளைக்கு அவர்தான் மேலாளர். காலையில் கிளை, பிற்பகலில் மலைச்சாலையில் கார்ப் பயணம், மாலையில் பயிற்சி. இதுவே அவருடைய நாள். மிராந்தெஸ் அப்போது ஆடியது மூன்றாம் நிலைப் போட்டியில். அந்த நிலையில் மட்டும் நான்கு பிரிவுகளில் 80 கழகங்கள் மோதின. அதற்கு மேலே இருந்த இரண்டு தொழில்முறை நிலைகளையும் சேர்த்தாலும் 42 கழகங்கள்தான். அந்த 42க்குள் இடம் கிடைக்காதவர்களை வீரர்களே அல்லர் என்று தள்ளினால், ஸ்பானியக் கால்பந்தின் பெரும்பகுதியைத் தள்ளியாக வேண்டும். தலைப்புக்கு நான் சொல்ல வேண்டிய வாதம் இவ்வளவுதான். இனிக் காசோலைக்கு வருகிறேன்.

2011 டிசம்பர். மேல்நிலைக் கழகங்களும் கீழ்நிலைக் கழகங்களும் மோதுகிற ஸ்பெயினின் மன்னர் கோப்பைப் போட்டியில் மிராந்தெஸுக்கு எதிரே வந்து நின்றது முதல் நிலைக் கழகமான வில்லாரியல். இரு திடல்களிலும் ஒவ்வோர் ஆட்டம், இரண்டின் கோல்களையும் கூட்டி வெற்றி தீர்மானிக்கப்படும். அந்த இலையுதிர் காலத்தில்தான் அது ஐரோப்பாவின் தலைசிறந்த கழகங்கள் மோதுகிற சாம்பியன்ஸ் லீக்கில் பாயர்ன் மியூனிக், மான்செஸ்டர் சிட்டி, நாபோலி ஆகியவற்றோடு ஒரே பிரிவில் ஆடியிருந்தது. மிராந்தாவில் நடந்த முதல் ஆட்டம் 1-1. டிசம்பர் 22 அன்று வில்லாரியலின் சொந்தத் திடலில் நடந்த மறு ஆட்டத்தில் மிராந்தெஸ் 2-0 என்று வென்றது. நண்பரே, காசோலையில் கையெழுத்துப் போடுவது எளிது. அது செல்லுமா என்று பார்த்துச் சொல்வது கிளை மேலாளரின் வேலை. வில்லாரியல் நீட்டிய பெரிய காசோலையை, "கணக்கில் போதிய இருப்பு இல்லை" என்று திருப்பிக் கொடுத்தது மேலாளரின் அணி. அத்தோடு முடியவில்லை. அந்தத் தோல்வியின் கையோடு வில்லாரியலின் பயிற்சியாளர் கார்ரிதோ பதவியிலிருந்து நீக்கப்பட்டார். அவையோரே, கணக்கைச் சற்றுப் பாருங்கள். பகலுக்கு ஒன்று, மாலைக்கு ஒன்று என இரண்டு வேலை வைத்திருந்தவரிடம் இரண்டும் பத்திரமாக இருந்தன. ஒரே வேலை வைத்திருந்தவருக்கு இருந்த ஒன்றும் போயிற்று. கைதட்டல் எதிரணிப் பக்கத்திலிருந்தும் கேட்கிறது, நன்றி.

அடுத்து வந்த ராசிங் சாந்தாந்தேரும் முதல் நிலைக் கழகம்தான். 2-0, 1-1. அதைப் பற்றிப் பேசி உங்கள் நேரத்தை எடுக்க மாட்டேன்.

ஆனால் மூன்றாவதாக வந்த முதல் நிலைக் கழகமான எஸ்பான்யோலைப் பற்றிப் பேசாமல் இறங்க மாட்டேன். கால் இறுதியின் முதல் ஆட்டத்தில் எஸ்பான்யோல் 3-2 என்று வென்றிருந்தது. 2012 ஜனவரி 24, செவ்வாய் இரவு, மிராந்தாவின் அந்துவா திடலில் மறு ஆட்டம். முதல் கோலை எஸ்பான்யோல் அடித்தது. இனி மிராந்தெஸுக்கு இரண்டு கோல் வேண்டும். அதில் ஒன்றை அடித்தவர், நண்பர் எழுத்தாளர் ஆக்க மறுத்த அதே கையெழுத்துக்காரர். ஆட்டம் 1-1. நேரம் கரைகிறது, 90 நிமிடமும் முடிந்துவிட்டது. 92ஆவது நிமிடத்தில் தற்காப்பு ஆட்டக்காரர் செசார் கனேதா தலையால் முட்டிய பந்து வலைக்குள் விழுகிறது. 2-1. மொத்தத்தில் 4-4. மொத்தம் சமமானால் எதிரியின் திடலில் அதிகக் கோல் அடித்த அணியே வெல்லும் என்ற அப்போதைய விதியின்படி மிராந்தெஸ் அரை இறுதிக்குப் போகிறது. மூன்றாம் நிலைக் கழகம், நடுவர் அவர்களே! முன்வரிசையில் இருக்கும் பெரியவர் சரியாகக் கேட்கவில்லை என்று கை காட்டுகிறார். அவருக்காக மீண்டும் சொல்கிறேன். தொண்ணூற்று இரண்டாவது நிமிடம்!

அந்த இரவு விடிந்தால் புதன்கிழமை, வங்கிக்கு வேலை நாள். கற்பனை செய்து பாருங்கள். முதல் நிலைக் கழகங்கள் மூன்றை வீட்டுக்கு அனுப்பிய மனிதர் மேசைக்குப் பின்னால் அமர்ந்திருக்கிறார். எதிரே ஒரு முதியவர் பாஸ்புக்கை நீட்டி, "தம்பி, நேற்று நன்றாக ஆடினாய், சரி, என் ஓய்வூதியம் ஏறிவிட்டதா என்று பார்" என்கிறார். பெருங்கழகத்து நட்சத்திரத்திடம் இப்படிக் கேட்க முடியுமா? முதலில் அவருடைய காவலாளியைத் தாண்ட வேண்டும்.

அரை இறுதியில் அத்லெத்திக் பில்பாவோவிடம் 1-2, 2-6 என்று தோற்றது கணக்கில் இல்லையா என்று நண்பர் கேட்பார். இருக்கிறது. அதே கணக்கில், அந்த ஆண்டின் மன்னர் கோப்பையில் மிக அதிகக் கோல் அடித்தவர் யார் என்ற வரியும் இருக்கிறது. கோப்பையை வென்றது மெஸ்ஸியின் பார்சலோனா. கோல் பட்டியலின் உச்சியில் இருந்ததோ ஏழு கோல்களோடு பாப்லோ இன்ஃபான்தே.

நடுவர் அவர்களே, சிரித்தது போதும். அந்த 2012 ஸ்பெயினுக்கு எப்படிப்பட்ட ஆண்டு என்பதையும் இந்த அவை அறிய வேண்டும். உழைப்பாளர் தொகையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினருக்கு வேலை இல்லை. வீட்டுக் கடன் கட்ட முடியாமல் குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. தலைமுறைகளாக மக்கள் நம்பிப் பணம் போட்ட சேமிப்பு வங்கிகள் ஒவ்வொன்றாகக் கரைந்தன. காஹா தெ புர்கோஸும் வேறு வங்கிகளோடு சேர்ந்து பாங்கா சீவிகா ஆனது. பிறகு அதையும் காய்ஷாபாங்க் தன்னுள் எடுத்துக்கொண்டது. வங்கிக்காரர் என்றாலே மக்கள் முகத்தைத் திருப்பிக்கொண்ட அந்த நாளில், ஒரு வங்கிக்காரரின் பெயரைச் சொல்லி ஓர் ஊரே தொண்டை வற்றக் கத்தியது. இளையவர்கள் நகரங்களுக்குப் போய்விட, முதியவர்களே மிகுதியாக வாழ்கிற பள்ளத்தாக்கு அவருடையது. தங்கள் கணக்குப் புத்தகத்தை அறிந்த கைகளைத் தொலைக்காட்சியில் கண்டு ஒரு பாட்டி கண்ணைத் துடைத்திருந்தால், அந்தக் கண்ணீருக்கு எந்தப் பெருங்கழகத்தின் ஒப்பந்தத் தொகை ஈடாகும்?

இன்னும் ஒன்று. அந்தப் பருவம் முடிந்தபோது வில்லாரியலும் ராசிங்கும் முதல் நிலையிலிருந்து இறங்கின. 1927இல் தொடங்கிய மிராந்தெஸ் தன் வரலாற்றில் முதல்முறையாக இரண்டாம் நிலைக்கு ஏறியது. மேலிருந்து இறங்கியவர்களும் கீழிருந்து ஏறியவரும் அடுத்த பருவத்தில் ஒரே படியில் நின்று ஆடினார்கள். அந்தப் படியில் அதே சட்டையோடு 32 வயது இன்ஃபான்தேயும் நின்றார். எங்கள் அணிக்கே தீர்ப்பு வழங்குமாறு வேண்டி அமர்கிறேன். நன்றி, வணக்கம்.