அதே நாலு பாட்டுதானே? ஒரே இசைப் பத்திரிகை போட்ட மார்க், பத்துக்கு 8.4 எப்படி 3.3 ஆச்சு? அடுத்த கேள்வியோட விஷயமே இதுதான்.

சரி, கேள்விக்கு வருவோம். கொஞ்சம் பெருசா இருக்கு, சுருக்கிப் படிக்கிறேன். "போன வீடியோவுல பிளாக் கிட்ஸ்னு ஒரு பேண்டைப் பத்திப் போற போக்குல சொன்னீங்க. ஒரே பத்திரிகை அவங்களைத் தலையில தூக்கி வச்சு ஆடிட்டு, முதல் ஆல்பம் வந்ததும் கீழே போட்டுடுச்சுன்னீங்க. ஆல்பம் நிஜமாவே அவ்வளவு மோசமா?"

இல்லைங்க. அவ்வளவு மோசம் இல்ல. ஆனா அது மட்டும் சொன்னா பதில் ஆகாது, கதையைக் கொஞ்சம் கேட்கணும்.

பிளாக் கிட்ஸ், அமெரிக்காவுல ஃபுளோரிடா மாநிலம், ஜாக்சன்வில் ஊர்ப் பசங்க. அஞ்சு பேர். ரெஜி யங்பிளட்தான் முன்னாடி நின்னு பாடுறவர், கிட்டாரும் அவர்தான். அவர் தங்கச்சி அலி ஒரு கீபோர்டு, இன்னொரு பொண்ணு டான் ஒரு கீபோர்டு. 2007-ல நாலே நாலு பாட்டைப் பதிவு பண்ணி, மைஸ்பேஸ்ல இலவசமாப் போட்டு விட்டாங்க. பேரு 'விசர்ட் ஆஃப் ஆஸ்'. இளசுகளுக்கு மைஸ்பேஸ் தெரியாம இருக்கலாம். பேஸ்புக் எல்லாத்தையும் விழுங்குறதுக்கு முன்னாடி, புது பேண்டுகளுக்கெல்லாம் அதுதான் திண்ணை.

அப்போ பிட்ச்ஃபோர்க்னு ஒரு இணைய இசைப் பத்திரிகை, இண்டி ராக், அதாவது பெரிய கம்பெனிகளைச் சாராத ராக் பேண்டுகளோட உலகத்துல, அதுதான் நாட்டாமை. பத்துக்கு எவ்வளவுன்னு மார்க் போடுவாங்க, அதுவும் புள்ளி வச்சு. அவங்க இந்த நாலு பாட்டுக்கு 8.4 போட்டு, 'சிறந்த புது இசை'ன்னு முத்திரையும் குத்திட்டாங்க. அவ்வளவுதான், அட்லான்டிக்குக்கு ரெண்டு பக்கமும் ஒரே பேச்சு.

2008 ஜூலையில முதல் ஆல்பம் வருது, 'பார்ட்டி ட்ரமாட்டிக்'. தயாரிச்சது ஸ்வேட்ங்கிற பிரிட்டிஷ் ராக் பேண்டோட பழைய கிட்டாரிஸ்ட் பெர்னார்ட் பட்லர். பிரிட்டன் ஆல்பம் பட்டியல்ல அஞ்சாவது இடம் வரைக்கும் போச்சு. அதாவது மக்கள் வாங்கினாங்க. பிட்ச்ஃபோர்க் என்ன பண்ணுச்சு தெரியுமா? 3.3. விமர்சனம்னு ஒண்ணும் எழுதல. ரெண்டு பக் நாய்க்குட்டி படம், கூட 'சாரி'ன்னு ஒரு வார்த்தை, பக்கத்துல ஒரு ஸ்மைலி. முடிஞ்சுது.

இப்போ இதைக் கவனிங்க. ஆல்பத்துல மொத்தம் பத்துப் பாட்டு. அதுல நாலு, 8.4 வாங்கின அதே நாலு பாட்டு, திரும்பப் பதிவு பண்ணது. மீதி ஆறும் படு மொக்கைன்னே வச்சுக்குங்க, அப்பவும் கணக்கு இடிக்குதே?

பாட்டுல ஒரு மாற்றம் இருக்கு, அதை நான் மறைக்கல. முதல் பதிவுல குரல் எல்லாம் கரகரன்னு இருக்கும், பொண்ணுங்க ரெண்டு பேரும் கோரஸ்ல கத்துறது கீபோர்டு மேலயே இடிச்சுக்கிட்டு வரும். ஏதோ பக்கத்து வீட்டு மொட்டை மாடியில நடக்கிற மாதிரி. பட்லர் அதையெல்லாம் கழுவித் துடைச்சு, பளபளன்னு ஆக்கிட்டாரு. எனக்கும் பழசுதான் பிடிக்கும். புது ஆறுல ரெண்டு மூணு பாட்டு சுமார்தான். என்னைக் கேட்டா ஆறு, ஆறரை போடுவேன். 3.3 வரவே வராது.

அப்போ அந்த மார்க் எதுக்கு? அந்த 'சாரி' யார்கிட்ட? என் கணிப்பு, அது வாசகர்கிட்ட. "நாங்க சொல்லித்தானே நம்பினீங்க, தப்பு எங்க மேல" அப்படின்னு. மாப்பிள்ளை தங்கம், வைரம்னு ஊர் பூராச் சொன்ன கல்யாணத் தரகர், தாலி கட்டின மறுநாள் பொண்ணு வீட்டுக்கு "மன்னிச்சுக்குங்க"ன்னு சீட்டு அனுப்பினா எப்படி இருக்கும்? மாப்பிள்ளை என்னய்யா பண்ணான்? அவன் அதே ஆளுதான்! எழுதுற ஆள் மாறலாம், ஆனா மார்க் பத்திரிகை பேர்லதானே நிக்குது? தன்னோட பழைய உற்சாகத்தைப் பார்த்துத் தானே வெட்கப்பட்டு, அந்த வெட்கத்துக்குப் பசங்க மேல மார்க் போட்டுட்டாங்க.

இதுக்கு நேர் எதிர் ஒண்ணு சொல்றேன். ஆர்க்டிக் மங்கீஸ்னு ஒரு ராக் பேண்டு, இங்கிலாந்துல ஷெஃபீல்டு பசங்க. அவங்க முதல் ஆல்பம் 2006 ஜனவரியில வந்துச்சு. முதல் வாரத்துல 3,63,735 காப்பி போச்சு, அதுவரைக்கும் பிரிட்டன்ல எந்த முதல் ஆல்பமும் அவ்வளவு வேகமா வித்ததில்ல. என்எம்இங்கிற பிரிட்டிஷ் இசைப் பத்திரிகை பத்துக்குப் பத்து போட்டதோட நிக்காம, சுடச்சுட, எல்லாக் காலத்துக்குமான சிறந்த பிரிட்டிஷ் ஆல்பங்கள்ல அஞ்சாவது இடத்துலயும் உட்கார வச்சுடுச்சு. அதுவும் ஓவர்தான்! மை கூடக் காயல.

ஆனா அங்க ஆரம்பம் வேற. ஆல்பத்துக்கு ரொம்ப முன்னாடியே அவங்க கச்சேரியில டெமோ சிடியைச் சும்மா குடுத்தாங்க, ரசிகர்கள் அதை இணையத்துல பகிர்ந்துக்கிட்டாங்க, பாட்டு வெளிவர்றதுக்குள்ள கூட்டமே கூடப் பாட ஆரம்பிச்சிடுச்சு. பத்திரிகைக்காரங்க பின்னாடி ஓடி வந்தவங்க. யாராவது ஒரு விமர்சகர் மனசு மாறினாலும் அந்தக் கூட்டம் கலைஞ்சிருக்காது. பிளாக் கிட்ஸுக்கு ரசிகர்ல பாதி பேரைக் கூட்டிட்டு வந்ததே விமர்சகர்தான், அதனால அவர் கையை உதறினதும் அமெரிக்காவுல காத்து இறங்கிடுச்சு. அடுத்த ஆல்பம் வர 2017 ஆச்சு. ஒன்பது வருஷம்! அதுக்கு அந்த நாய்க்குட்டி மட்டுமே காரணம்னு நான் சொல்ல மாட்டேன், பேண்டுன்னா ஆயிரம் இருக்கும்.

நான் ஒரு தப்பு பண்ணேன், அதையும் சொல்லிடறேன். 3.3-ஐப் பார்த்துட்டு ரெண்டு வருஷம் அந்த ஆல்பத்தைத் தொடவே இல்ல. கேட்டப்புறம் எனக்கே அசிங்கமாப் போச்சு.

நீங்க அப்படிப் பண்ணாதீங்க. 'ஹரிக்கேன் ஜேன்'னு ஒரு பாட்டு, ரெண்டு பதிவுலயும் இருக்கு. ஹெட்போன் போட்டு முதல்ல 2007-ஐக் கேளுங்க, உடனே 2008-ஐக் கேளுங்க. எது பிடிச்சுதுன்னு கீழ எழுதுங்க. இதுல கட்சி கட்டிச் சண்டை போட நான் ரெடி. சரி, அடுத்தது யாரு... ஆங், வினைல் ரெக்கார்டு கேள்வி.