மழைக்கு ஒரு பின்னல், வெயிலுக்கு ஒரு முடைச்சல்

வானொலி நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

ஆண்டுக்கு இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் நம் கன்னியாகுமரி. வைகாசிப் பாதியில் மேற்கேயிருந்து வருவதை விளவங்கோடு, கல்குளம் பக்கத்தில் இடவப்பாதி என்போம். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் கிழக்கு மழை. இந்த இரண்டையும் நம்பித்தான் நம் முன்னோர் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் நெல் விளைவித்தார்கள். வீட்டுக்குள் நடக்கும் தையலுக்கும் பின்னலுக்கும் முடைச்சலுக்கும் அப்படி ஒரு பட்டம், அதாவது ஏற்ற பருவம், உண்டு. எந்த மாதத்தில் எந்த வேலையைக் கையிலெடுப்பது என்று அறிந்து செய்தால், கைவேலை தரும் இன்பம் பலமடங்காகும். அதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

பள்ளியில் தையல் ஆசிரியையாக இருந்தவள் நான். "எனக்குக் கைவேலையே வராது" என்று சொல்லும் பெண்களை நிறையச் சந்தித்திருக்கிறேன். மெல்ல விசாரித்தால் கையில் குறை இராது. சித்திரைப் புழுக்கத்தில் கம்பளி நூலை மடியில் வைத்துக்கொண்டு பின்னியிருப்பார்கள். வியர்வையில் நூல் ஊசியை விட்டு நகராது. அல்லது அடைமழையில் பனையோலை வாங்கி வந்து, அது காயாமல் பூசணம் பிடித்து, எடுத்து எறிந்திருப்பார்கள். பொருளுக்கு ஒவ்வாத மாதத்தில் தொடங்கிவிட்டு, தங்களுக்குத் திறமை இல்லை என்று முடிவு கட்டிக்கொள்வது எனக்கு மிகவும் வருத்தம் தரும்.

இப்போது ஆனி மாதம். பள்ளிகள் திறந்துவிட்டன. சீருடை தைக்கும் வீடுகளில் தையல் இயந்திரம் ஓயாது. வளரும் பிள்ளைக்குப் பாவாடையோ கால்சட்டையோ தைப்பவர்கள் கீழ் மடிப்புக்கு இரண்டு அங்குலமாவது விட்டுத் தையுங்கள். தை மாதத்தில் பிரித்து இறக்கிவிட்டால் அந்த ஆண்டு முழுவதும் ஓடிவிடும். மழைக்காலத்தில் இயந்திரத்தைச் சுவரை ஒட்டிப் போடாதீர்கள். ஈரச்சுவர் இரும்பைத் தின்றுவிடும். எண்ணெய் விட்ட பிறகு ஒரு கிழிசல் துணியில் நாலு வரி ஓட்டிப் பாருங்கள், புதுத் துணியில் கறை படியாது. கை ஊசிகளை ஒரு சிறு டப்பாவில் பச்சரிசி போட்டு அதற்குள் வைத்தால் துருப்பிடிப்பது குறையும்.

நூலுக்கும் காலம் உண்டு. நனைந்தால் பருத்தி இழை சற்று வலுக்கும். மினுமினுக்கும் ரேயான் இழையோ ஈரத்தில் தளர்ந்து அறுந்துவிடும். எனவே பளபளப்பான பூத்தையலைக் காய்ந்த மாதங்களுக்கு ஒதுக்கிவிட்டு, மழை நாளில் பருத்தி நூலோடு இருப்பதே நல்லது. அதிலும் குரோஷா இந்த மாதங்களுக்கென்றே அமைந்த வேலை. ஒரே ஒரு கொக்கி ஊசி, ஒரு நூல்கண்டு. எந்த நேரத்திலும் ஊசியில் பெரும்பாலும் ஒரே ஒரு நூல் வளையம், அதாவது ஒரு கண்ணிதான் இருக்கும். மின்சாரம் போனாலும் விரல் தடவிப் பின்னலாம். பஸ்ஸில் போகும்போது பாதியில் நிறுத்திப் பையில் போட்டுக்கொள்ளலாம். இரண்டு ஊசிப் பின்னலில் வரிசை முழுவதும் கண்ணிகள் திறந்தே இருக்கும். ஒன்று நழுவினால் அடிவரைக்கும் ஓடும். ஆகையால் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் முதலில் குரோஷாவைத்தான் சொல்வேன்.

ஒயர் கூடையையும் சொல்லாமல் விடமுடியாது. அதைக் கைவினை என்றே சிலர் ஒப்புவதில்லை, நெகிழிதானே என்று ஒதுக்குகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சிவன்கண், நெல்லிக்காய், பிஸ்கட் என்று முடிச்சுக்கு முடிச்சு கணக்கு இருக்கிறது. அடிப்பாகத்தின் ஒற்றை இரட்டை தவறினால் மூலை சேராது. ஈரம் படாது, துரு இல்லை, பூசணம் இல்லை. மழை பெய்யும் திண்ணையில் நாலுபேர் உட்கார்ந்து பேசிக்கொண்டே போடலாம். பத்து ஆண்டுக்கு மேலும் சந்தைக்குப் போய்வரும் கூடைகளை நம் ஊர்களில் பார்க்கலாம்.

ஆனியும் ஆடியும் கடற்கரையில் வேறுவிதமான கைவேலைக் காலம். மேற்குக் கடலில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் போனால் ஆண்கள் வரிசையாக உட்கார்ந்து வலை பின்னுவதையும் அறுந்த கண்ணிகளைச் சரிசெய்வதையும் காணலாம். தையலும் பின்னலும் பெண்பிள்ளை வேலை என்று சொல்கிறவர்களை அங்கே அழைத்துப்போக வேண்டும். நூல் சுற்றிய வலைக்கோல் ஒரு கையில், கண்ணியின் அளவைக் காட்டும் சட்டம் மறு கையில். ஒவ்வொரு கண்ணியும் ஒரே அளவில் விழும். ஐரோப்பாவில் ஃபிலே என்றொரு ரேந்தை, அதாவது லேஸ் பின்னல், இருக்கிறது. அதன் அடித்தளமாகிய சதுர வலை, மீன்வலைக்குப் போடும் அதே முடிச்சில்தான் உருவாகிறது; மேலே ஊசியால் பூ நிரப்புவார்கள். விலையுயர்ந்த மேசை விரிப்புக்கும் குளச்சல் வலைக்கும் முடிச்சு ஒன்றே.

ரேந்தை என்றதும் நாகர்கோவிலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். 1819-இல் லண்டன் மிஷன் என்ற கிறிஸ்தவ ஊழியச் சங்கத்தைச் சேர்ந்த சார்லஸ் மால்ட்டும் அவருடைய மனைவி மார்த்தா மால்ட்டும் நாகர்கோவிலுக்கு வந்தார்கள். பெண்பிள்ளைகள் எழுத்து படிப்பதே அரிதாக இருந்த காலத்தில் அந்த அம்மையார் அவர்களுக்குப் பள்ளி நடத்தி, படிப்போடு தலையணை ரேந்தையையும் கற்றுக்கொடுத்தார். கெட்டியாக அடைத்த தலையணைமேல் துளையிட்ட அட்டையைப் பொருத்துவார்கள். சிறு மரக்குச்சிகளில் நூல் சுற்றி இணை இணையாகத் தொங்கவிடுவார்கள். எவ்வளவு பெரிய பூவானாலும் இலையானாலும் கைக்கு இரண்டே அசைவுகள்தான்: இடப்பக்க நூலை வலப்பக்க நூலின்மேல் குறுக்கே மாற்றுவது, இணையைத் திருகுவது. ஒவ்வொரு இடத்திலும் குண்டூசி குத்தி நிறுத்திக்கொண்டே போய், பின்னல் நிலைத்தபின் ஊசிகளை உருவிவிடுவார்கள். எத்தனை இணைக் குச்சிகள் ஆடினாலும் பின்னுகிறவள் ஒரு நேரத்தில் பார்ப்பது இரண்டு இணைகளை மட்டுமே. இதைப் புரிந்துகொண்ட நாளில் எனக்கு ரேந்தையின்மேல் இருந்த பயமே போய்விட்டது.

அன்றைய திருவிதாங்கூரில் அடிமை முறை இருந்தது. 1855-இல்தான் அரசு அதை முற்றிலும் ஒழித்தது. அதற்கு முன்பே, ரேந்தை விற்ற காசைச் சேர்த்துத் தம் விடுதலையைத் தாமே விலைகொடுத்து வாங்கிய பெண்கள் நாகர்கோவில் பள்ளியில் இருந்தார்கள். அந்தக் காலத்து ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்களுக்கு மார்பை மறைத்து உடுத்தும் உரிமையும் இல்லை. 1822 முதல் மூண்டும் தணிந்தும் மீண்டும் மூண்டும் நடந்த தோள்சீலைப் போராட்டத்துக்குப் பிறகு, 1859 ஜூலை 26-ஆம் நாள் அரசாணை வந்தது. குப்பாயம் என்ற மேற்சட்டை தைத்துப் போட்டுக்கொண்டதற்காக நடுச்சந்தையில் அது கிழித்தெறியப்பட்ட பெண்களின் பேத்திகள் நாம். இங்கே ஒரு பெண் ரவிக்கை வெட்டக் கத்தரியை எடுக்கும்போது, அந்தக் கத்தரிக்குப் பின்னால் இவ்வளவு வரலாறு நிற்கிறது. தையல் வகுப்பில் ஒவ்வொரு ஆண்டும் முதல் நாள் நான் இதைத்தான் சொல்லித் தொடங்குவேன். பிள்ளைகளின் முதுகு நிமிரும்.

முளகுமூட்டிலும் இதே மரபு உண்டு. 1897-இல் பெல்ஜியத்திலிருந்து வந்த அருட்சகோதரி மரி லூயிஸ் தெ மேஸ்டர் அங்கே தொடங்கிய துறவற சபை ரேந்தையும் பூத்தையலும் கற்பித்தது. இன்றும் அந்தப் பக்கத்துக் கிராமங்களில் மூத்த பெண்கள் சிலர் தலையணையை மடியில் வைத்துப் பின்னுவதைப் பார்க்கலாம்.

வெள்ளைத் தலையணை ரேந்தைக்கு நான் சொல்லும் காலம் மார்கழியும் தையும். கிழக்கு மழை ஓய்ந்து, காற்று உலர்ந்து, காலை வெளிச்சம் தெளிவாக விழும். உள்ளங்கை வியர்க்காததால் வெள்ளை நூல் அழுக்கேறாது. ஆடியில் அதைத் தொடாதீர்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வரும் காற்று முப்பந்தல் காற்றாலைகளையே சுழற்றுகிறது, மெல்லிய நூலை விட்டுவைக்குமா?

ஆவணியில் ஓணம். மேற்குப் பகுதியில் முற்றமெல்லாம் அத்தப்பூக் கோலம். தோவாளையில் பூக் கட்டும் கைகளுக்கு உறக்கமே இராது. அந்த ஊரின் மாணிக்க மாலை 2025-இல் புவிசார் குறியீடு பெற்றது. வெள்ளை அரளி, சிவப்பு அரளி, பச்சை நொச்சி இலை இவற்றை மடித்து மடித்து வரிசையாகக் கட்டினால், கல் பதித்த நகைபோல் தட்டையாகப் படுத்திருக்கும். வாடிப்போகும் என்று தெரிந்தும் அவ்வளவு நுணுக்கமாக வேலை செய்கிறார்களே, அந்த மனத்தை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கம்பளிக்கு இடம் உண்டு. நம் ஊரில் குளிர் ஏது என்று கேட்பீர்கள். கைக்குழந்தைக்குத் தொப்பியும் காலுறையும் வேண்டும். குளிர் நாட்டில் வேலை பார்க்கும் பிள்ளைக்குக் கழுத்துத் துண்டு வேண்டும். நூல்கண்டைப் பிளாஸ்டிக் உறையில் இறுக்கிக் கட்டாமல் துணிப்பையில் போட்டுவையுங்கள். கம்பளி காற்றிலுள்ள ஈரத்தை நிறையக் குடிக்கும், அது வெளியேறவும் வழி வேண்டும். கோட்டாறு சவேரியார் திருவிழா டிசம்பர் 3-இல் முடியும். அதற்குள் பின்னி முடிப்பது என்று நாள் குறித்துக்கொண்டால் கிறிஸ்துமஸ் பொதியில் அனுப்பிவிடலாம்.

தை பிறந்தால் ஓலைக்காலம் வருகிறது. பனையில் பதநீர் இறங்கும், பனங்காட்டுக்கு ஆள் நடமாட்டம் வரும். குருத்தோலையை வெட்டி வெயிலில் காயப்போட்டால் வெளுக்கும். ஈர்க்கு நீக்கி, ஒரே அகலத்தில் வார்ந்துகொள்ள வேண்டும். முடைவதற்கு முன் லேசாக நீர் தெளித்து ஈரத்துணியில் சுற்றி வைத்தால் ஓலை பதமாகும். விடியற்காலையில் உட்காருங்கள். பத்து மணி வெயிலுக்குப் பிறகு ஓலை முறியும், கையையும் கிழிக்கும். கடவப்பெட்டி என்னும் பெரிய ஓலைப்பெட்டியை முடைவது தேர்ந்த கை செய்யும் வேலை. கருப்பட்டி போட்டுவைக்கும் சிறு பெட்டியில் தொடங்குவது நல்லது. பங்குனியில் குருத்தோலை ஞாயிறு வரும்போது சிறுபிள்ளைகள் தென்னங்குருத்தில் சிலுவை மடிப்பார்கள். பல பிள்ளைகளுக்கு அதுதான் முதல் முடைச்சல். அன்று சிலுவையோடு நிறுத்தாமல், அதே ஓலையில் பந்தும் கிலுக்கும் மடிக்கச் சொல்லிக்கொடுங்கள்.

கோடையில் செய்யவேண்டிய முக்கியமான ஒரு வேலையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பருத்தித் துணி முதல் நனைப்பில் சுருங்கும். நனைக்காமல் வெட்டித் தைத்த ரவிக்கை இரண்டாம் மாதம் கை ஏறாது. மழை தொடங்கிய பிறகு நனைத்தால் உலர்த்த வெயில் இல்லை. ஆகவே வாங்கிய துணியையெல்லாம் மாசி, பங்குனி, சித்திரையில் நனைத்து, நிழலில் உலர்த்தி, மடித்து வைத்துவிட வேண்டும். சாயம் போகும் சிவப்பையும் நீலத்தையும் தனியாக நனையுங்கள். தென்னை நாரும் இப்படித்தான். கதம்பையை, அதாவது தேங்காய் மட்டையை, காயல் நீரில் பல மாதம் அழுகப்போட்டு, பிறகு அடித்துத் தும்பெடுத்து, ராட்டில் கயிறு திரிக்கிறார்கள். இன்று திரிக்கும் கயிறு போன ஆண்டின் தேங்காயிலிருந்து வந்தது. கைவேலையை விரும்புகிறவர்கள் எப்போதும் ஒரு பருவம் முன்னதாகவே ஆயத்தம் செய்துகொண்டிருக்க வேண்டும்.

சித்திரை விடுமுறையில் பழைய வேட்டி, சேலைகளை எடுத்து நாலைந்து மடிப்பாக விரித்து, சுற்றிலும் ஓட்டுத்தையல் போட்டு, குழந்தைக்கு விரிப்பு தையுங்கள். பழகிப் பழகி மென்மையான பருத்திக்கு ஈடான துணி எந்தக் கடையிலும் கிடைக்காது. ஓட்டுத்தையல் நேராக வருவதற்கு இதைவிட நல்ல பயிற்சியும் இல்லை. வீட்டிலுள்ள பையன்களையும் உட்காரவையுங்கள். தன் சட்டைப் பொத்தானைத் தானே தைக்கத் தெரிந்த பையன், வெளியூர் விடுதியில் யாரையும் எதிர்பார்க்க மாட்டான்.

விற்பனைக்காகச் செய்வதா, நமக்காகச் செய்வதா என்று அடிக்கடி கேட்கிறார்கள். இரண்டும் செய்யலாம். ஆனால் முதல் ஆண்டில் விற்கவேண்டாம் என்பது என் கருத்து. விலை பேசத் தொடங்கியவுடன் கை வேகத்தைத் தேடும், கண் பழகுவதற்குமுன் அவசரம் வந்துவிடும். ஒரு சுற்று, இரண்டு மழையும் ஒரு கோடையும், வேலையை வேலைக்காகவே செய்து பாருங்கள்.

இந்த ஆனியில் தொடங்க நினைப்பவர்கள் தடித்த பருத்தி நூல்கண்டு ஒன்றும் 3 மில்லிமீட்டர் குரோஷா ஊசி ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள். வெளிர் நிற நூலாகப் பாருங்கள். கருநிறத்தில் கண்ணி தெரியாது. முதல் வாரம் சங்கிலி மட்டும் போடுங்கள், கண்ணிகள் ஒரே அளவில் விழும்வரை. இரண்டாம் வாரம் அந்தச் சங்கிலியின்மேல் திரும்பி ஒரு வரி. ஆடிக்காற்று ஓய்வதற்குள் ஒரு கைக்குட்டையின் நாலு ஓரத்துக்கும் ரேந்தை கட்டி முடித்துவிடலாம். அக்கம்பக்கத்தில் பின்னத் தெரிந்த ஒரு பெரியம்மாவோ ஆச்சியோ நிச்சயம் இருப்பார். மழை விடும் நேரம் பார்த்து, நூல்கண்டோடு அவர் வீட்டுக்குப் போய்க் கேளுங்கள்; கேட்பவர் இல்லாமல்தான் பலர் சொல்லாமல் இருக்கிறார்கள்.

நன்றி. வணக்கம்.