அக்கி ஆறிய பின் தளரும் கை

வணக்கம் நேயர்களே. அக்கி என்றதும் எரிச்சலும் கொப்புளமும்தான் எல்லாருக்கும் நினைவுக்கு வரும். அது ஆறி வரும் நேரத்தில் சிலருக்குக் கையோ காலோ பலமிழந்து போகும். பிசியோதெரபி வேலை பார்த்த காலமெல்லாம் என் மனத்தை உறுத்திய விஷயம் அது. அதைத்தான் இன்று பேசப் போகிறேன்.

எத்தனை பேருக்கு இப்படி ஆகும்? அக்கி கண்டவர்கள் 100 பேரில் சுமார் 3 முதல் 5 பேருக்கு. நரம்பையும் தசையையும் கருவி வைத்துச் சோதித்தால், வெளியே தெரியாத பலவீனம் இன்னும் கொஞ்சம் பேருக்கு இருப்பது தெரியும். விலாவில் அக்கி வந்து வயிற்றுத் தசை தளர்ந்தால் ஒரு பக்கம் புடைத்து நிற்கும். பார்ப்பவர்கள் குடலிறக்கம் என்பார்கள்.

சின்ன வயதில் வந்த சின்னம்மையின் வைரஸ் உடம்பை விட்டுப் போவதே இல்லை. முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் தங்கிவிடும். வயதாகி எதிர்ப்புச் சக்தி குறையும்போது கிளம்பி, ஒரே ஒரு நரம்பின் வழியே தோலுக்கு வரும். அதுதான் அக்கி. அந்த முடிச்சுக்குப் பக்கத்திலேயே தசையை இயக்கும் நரம்பின் வேரும் இருக்கிறது. அழற்சி அங்கே பரவினால் தசை தளரும். ஆகவே கொப்புளம் வந்த பக்கத்தில்தான், பெரும்பாலும் அதே பகுதியில்தான், பலவீனமும் வரும். இதை மட்டும் மறக்காதீர்கள்: அதே பக்கம், அதே பகுதி.

நம் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் ஓர் ஆயா. ஆடி மாதம், மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் நாள். அகப்பையை எடுத்தவருக்கு வலது கையைத் தூக்க முடியவில்லை. மகன் பக்கவாதம் என்று பயந்துவிட்டார். தேங்காய் துருவித் துருவிச் சுளுக்கிக்கொண்டது என்றார் மருமகள். ஆஸ்பத்திரியில் பக்கவாதம் இல்லை என்று சொல்லி என்னிடம் அனுப்பினார்கள். "கை சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது தம்பி" என்றார் ஆயா. என் விரலைப் பிடிக்கச் சொன்னேன். நல்ல இறுக்கமான பிடி. தோளை உயர்த்தச் சொன்னேன், அசையவே இல்லை. விரலில் பலம் இருக்கிறது, தோளில் இல்லை. சேலைத் தலைப்பை விலக்கிப் பார்த்தால், கழுத்தடியிலிருந்து மேல்கையின் வெளிப்புறம் வரைக்கும் பட்டையாகக் காய்ந்த பொருக்கு. அதன்மேல் காவி பூசி அக்கி எழுதிய தடம். இரண்டு வாரத்துக்கு முன் வந்ததாம். அம்மன் பார்த்துக்கொள்வாள் என்று டாக்டரிடம் போகவில்லை. அந்த நம்பிக்கையை நான் குறை சொல்ல மாட்டேன். அக்கி எழுதுங்கள், வேப்பிலை வையுங்கள். ஆனால் அன்றைக்கே டாக்டரையும் பாருங்கள். வைரஸை அடக்கும் மாத்திரையை, கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் தொடங்குவதுதான் நல்லது.

ஆயாவுக்குக் கை திரும்ப ஏறக்குறைய ஒரு வருஷம் ஆனது. இப்படிப் பலமிழந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ஒன்றிரண்டு வருஷத்தில் முழுதாகவோ பெருமளவுக்கோ குணமாகிவிடும். அதுவரை கையைத் தூளியில் கட்டிச் சும்மா வைத்திருந்தால் தோள் மூட்டு இறுகிப்போகும். வலி இருந்தாலும், இன்னொருவர் தாங்கிப் பிடிக்க, தினமும் மெதுவாக அசைக்க வேண்டும். வீட்டில் இருப்பவர்களே, இது உங்கள் வேலை.

பலவீனம் சாதாரணமாகக் கொப்புளம் வந்து இரண்டு மூன்று வாரத்துக்குள் தெரியும். ஆனால் வாய் கோணினாலோ, பேச்சுக் குழறினாலோ, இரண்டு காலும் தளர்ந்தாலோ, சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ அக்கிதானே என்று வீட்டில் இருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

நேரம் ஆகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். தடுப்பூசி பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். 50 வயது தாண்டியவர்கள் டாக்டரிடம் கேளுங்கள்; புதிய வகை ஊசி இரண்டு தவணை. இளம் வயதில் அக்கி வந்தால் எச்.ஐ.வி. பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள், நம் தென்னாப்பிரிக்காவில் அது மிக முக்கியம். வணக்கம்.